வரி கட்டாத வண்டி

வண்டியை வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினாள். சித்தி மகன் மெக்கானிக். அவனையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவன் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டான். அடியில் படுத்து எங்கெங்கே துரு பிடித்திருக்கிறது என்று விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். கதவுகளைத் திறந்து திறந்து சாத்தினான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கிழவிதான் அக்கா. ஆனா நெஞ்சு நல்லா இருக்கு. எடுத்துக்கோ" என்றான்.

விற்றவர் கடைத்தெருவில் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். அதிர்ந்து பேசாத மனுஷர். கசங்காத சட்டை. "பேர் மாத்துற வேலைய மெதுவாப் பாத்துக்கலாம். வண்டியோட ஒரிஜினல் ஆர்.சி. புக்கை அப்பத் தரேன். நான் எங்க ஓடிடப் போறேன், இதே தெருவுலதானே உக்காந்திருக்கேன்?" என்றார். எழுத்து ஏதாவது வேண்டாமா என்று மெக்கானிக் தம்பி இழுத்தபோது, "நமக்குள்ள எழுத்து எதுக்குப்பா?" என்று சிரித்தார். அது பெருந்தன்மை மாதிரித்தான் இருந்தது அப்போது. பணம் கை மாறியது, சாவி கை மாறியது. வண்டி வரி கட்டியிருக்கிறதா என்று மட்டும் அந்த இடத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர்களுடையது ரொட்டி சுடும் தொழில். சந்தின் கடைசி வீடு. முன்னறையில் கடை, நடு அறையில் மாவு பிசைகிற மேஜை, பின்கட்டில் செங்கல் அடுப்பு, மாடியில் குடித்தனம். புருஷனை எல்லோரும் அடுப்புக்காரர் என்பார்கள். அவளுக்கு பன்னு அக்கா என்று பெயர். கூட இருந்தது புருஷனின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டவள், வாய் கொஞ்சம் நீளம். மாவு பிசைவது, எடை போட்டு உருட்டுவது, பாக்கெட் கட்டுவது என்று பெண்கள் இரண்டு பேருக்கும் நாள் முழுக்க வேலை இருக்கும். அடுப்புக்காரர் அடுப்பை விட்டு நகரமாட்டார். நீளக் கரண்டியை உள்ளே விட்டு ரொட்டிகளைத் திருப்பி வைக்கிறபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதி வாசல் பக்கம் வந்தால் போய்விடும்.

முன்பெல்லாம் ட்ரை சைக்கிளில்தான் சரக்குப் போகும். மழை வந்தால் பாதி ரொட்டி கூழாகிவிடும். வண்டி வந்த பிறகு பின்சீட்டைக் கழற்றி, மரச்சட்டம் அடித்து, தட்டுகளை அடுக்குகிற மாதிரி செய்துகொண்டாள். அவளேதான் ஓட்டினாள். பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீன் ஆர்டர் கிடைத்ததே வண்டி இருந்ததால்தான். நோயாளிகளுக்குக் காலையில் கொடுக்கிற ரொட்டி. நேரத்துக்குப் போக வேண்டும், சூடாகப் போக வேண்டும். அந்த ஆர்டரை நம்பித்தான் அடுப்பின் பின்சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, பாலத்து இறக்கத்தில் அவளை நிறுத்தினார்கள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பளபளக்கிற மேல்சட்டை போட்ட நாலைந்து பேர் ரோட்டைப் பாதி அடைத்துக்கொண்டு வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயசு ஆபீசர் ஒருவன் ஜன்னலில் குனிந்தான். கையில் ஒரு மெஷின்.

"எங்கம்மா போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு சார். கேன்டீனுக்கு ரொட்டி."

அவன் நம்பரைத் தட்டினான். திரையில் விழுந்த நீரைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு மறுபடி பார்த்தான். "வண்டி யாருது?"

"எங்களுதுதான் சார். இப்பத்தான் வாங்கினோம்."

"உங்க பேர்ல இல்லையே."

"மாத்தணும் சார். இன்னும் மாத்தல."

"மாத்தவும் முடியாதும்மா. வருஷக்கணக்கா இதுக்கு வரியே கட்டல. அதக் கட்டாம பேர் மாத்த மாட்டாங்க. சரியாச் சொன்னா இது ரோட்டுக்கே வரக்கூடாத வண்டி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த வரி சார்? கடைக்குக் கட்டுறோமே."

"வண்டி வரிம்மா. வித்தவர் சொல்லலையா?"

"சொல்லலையே சார்."

"எவன்தான் சொல்றான்?" என்று சொல்லிவிட்டு, தள்ளி நின்ற பெரிய ஆபீசரைக் கூப்பிட்டான். அவர் தலை நரைத்தவர். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ரொட்டியின் சூடு கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போற சாப்பாடு. இன்னிக்குப் போகட்டும், நம்பரைக் குறிச்சுக்க" என்றார். பிறகு அவளிடம், "அடுத்த தடவ பாத்தா வண்டியப் பிடிச்சு யார்டுல போட்டுடுவோம்மா. ஓட்டுற ஆள் மேல கேஸும் வரும். வண்டி உங்க பேர்ல இல்ல, அத ஞாபகம் வெச்சுக்குங்க. இது உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

வரி, கேஸ் எல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டன. எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்றாரே, அது மட்டும் முள் மாதிரி உள்ளே நின்றது.

அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அடுப்புக்காரர் ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். அங்கே கல்லாப்பெட்டி ஒன்று காணாமல் போயிற்று. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு வந்தவர் அவர் என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அவர் திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். பெட்டியை எடுத்தது முதலாளியின் மச்சான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த விஷயத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். இவரிடம் வந்து தப்பாகிவிட்டது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் அவளிடம்கூடச் சொன்னது கிடையாது. யூனிபார்ம் போட்ட யாராவது கடைக்கு ரொட்டி வாங்க வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவார். அவர்கள் போய் வெகுநேரம் ஆன பிறகும் அடுப்புக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரிக் குனிந்தே இருப்பார். ஆபீஸ், கவுன்டர், கையெழுத்து எல்லாம் அவள் பொறுப்பு.

அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

"இன்னிக்கு ஏன் லேட்டு?" என்றார் அவள் திரும்பி வந்ததும்.

"மழைங்க. ரோடெல்லாம் சறுக்குது" என்றாள்.

அன்று சாயங்காலமே கடிகாரக்காரரின் கடைக்குப் போனாள். ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க இடமிருக்கிற கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு எதையோ ஊசியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. வண்டி நல்லா ஓடுதா?"

"வண்டி ஓடுதுங்க. வரிதான் கட்டலையாமே."

அவர் நிமிரவில்லை. "யார் சொன்னா?"

"பாலத்துல நிறுத்தினாங்க."

"ஓ. அங்க நிக்கிறாங்களா இப்பல்லாம்?" ஊசியை மெதுவாக ஒரு துணியின்மேல் வைத்தார். "வண்டி ரொம்ப நாள் ஷெட்லயே நின்னுச்சும்மா. நிக்கிற வண்டிக்கு எதுக்கு வரின்னு விட்டுட்டேன். நீங்க வாங்கிட்டீங்க, ஓட்டுறீங்க. நீங்க கட்டிடுங்க."

"உங்க காலத்து வரிய நாங்க எப்படிங்க கட்டுறது? வண்டி வெலையில பாதி வரும் போலிருக்கே. அந்த புக்கையாவது குடுங்க, ஆபீஸ்ல போய்க் கேட்டுப் பாக்கறேன்."

"ஆபீஸுக்கா?"

இப்போதுதான் நிமிர்ந்தார். பூதக்கண்ணாடிக்குள் அந்த ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"ஆபீஸுக்கெல்லாம் எதுக்கும்மா? அங்க போனா தோண்டித் துருவுவாங்க. வண்டி யாருது, யார் ஓட்டுறா, எப்படிக் கைக்கு வந்துச்சுன்னு. வித்ததுக்கு எழுத்து இருக்கா உங்ககிட்ட?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க."

"நான் சொன்னேன்னு நீங்க சொல்றீங்க." குரல் ஒரு இம்மி உயரவில்லை. "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? முன்ன ஒரு தடவ அவர உள்ள வெச்சிருந்தாங்க இல்ல, ஏதோ பெட்டி விஷயமா?"

"அது பொய்க் கேஸ்."

"பொய்யோ நெசமோ, ஒரு தடவ பேர் அடிபட்டா அவங்க மறக்க மாட்டாங்க பாருங்க. நான் தப்பா எதுவும் சொல்லல. நீங்க ஆபீஸ்ல போய் என் பேர இழுத்தா, என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. வண்டி உன் பேர்ல இருக்கு, அவங்ககிட்ட எப்படிப் போச்சுன்னு கேட்டா, எனக்கும் ஏதாவது ஒரு பதில் வேணுமே? அதத்தான் யோசிக்கிறேன்."

சொல்லிவிட்டு மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். அவள் படி இறங்கினாள். மிரட்டினார் என்று யாரிடமாவது சொன்னால், என்ன சொல்லி மிரட்டினார் என்று கேட்பார்கள். அப்படி எதையும் அவர் சொல்லவே இல்லையே.

மறுநாளிலிருந்து பாலத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். மரக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதைத் தாண்டி சாக்கடை ஓரமாக ஒரு மண் பாதை, பிறகு குடோன்களின் முதுகுப்புறம். சுற்றிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வரும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும். ரொட்டியின் மேல்தோல் உடையும். போகிற வழியில் தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். வந்தது பால்காரனாகவோ காவல்காரனாகவோ இருக்கும். அவர்கள் தாண்டிப் போன பிறகும் சாவியைத் திருகக் கை வராது.

வீட்டில் வாசல் மணி அடித்தால் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டால் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புழுதி வருகிறது என்பாள். மழையில் எங்கே புழுதி? கண்ணை மூடினால், அடுப்புக்காரரை இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார்கள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பார். வரியை எப்படியாவது தானே கட்டித் தொலைத்துவிடலாம் என்று ஒருநாள் வரி ஆபீஸின் வாசல்வரை போனாள். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்பார்களே, பிறகு கடிகாரக்காரரைக் கூப்பிடுவார்களே என்று நினைத்ததும் கால் வரவில்லை. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அண்ணி, நீ மாவு பிசையற மாதிரியே தெரியல. அதோட சண்டைக்கு நிக்கற."

"ஈரக் காத்துக்கு மாவு ஒட்டுது."

"மாவு எப்பவும் போலத்தான் இருக்கு. நீதான் சரியில்ல. கேன்டீன் சூப்பர்வைசர் போன் பண்ணினான். ரொட்டி ஆறிப்போய் வருதாம், உடைஞ்சு போய் வருதாம். பாலம் இருக்கறப்ப நீ எந்த வழியா போற?"

அடுப்பறையில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த மாவு உருண்டையை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள். கடிகாரக்காரர் பேசியதைச் சொன்னபோது அவள் உதடு வெளுத்தது.

"நல்ல பாம்பு மாதிரி இருக்கானே. அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவர் தாங்க மாட்டாரு."

"தாங்க மாட்டார்னு நீயா முடிவு கட்டிட்டியா?"

"நீ அப்ப சின்னப் பொண்ணு. திரும்பி வந்தப்ப அவர் இருந்த நிலைய நீ பாக்கல. சோத்துல கை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு."

நாத்தனார் மாவைத் திரும்ப எடுத்து உருட்டினாள். கொஞ்சம் கழித்து, "எத்தன நாளைக்கு அண்ணி சந்து சந்தா ஓடுவ?" என்றாள்.

அதிக நாள் ஓட முடியவில்லை. கேன்டீன் சூப்பர்வைசர் மறுபடி போன் செய்தான். இந்தத் தடவை போனை எடுத்தது அடுப்புக்காரர். ஆர்டரைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பேச வேண்டும், முதலாளி நாளைக்கு நேரில் வரட்டும் என்று சொல்லிவிட்டான். அவர் எப்போதும்போல அவளைப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

"நானே வரேன். ரொட்டியில என்ன கொறன்னு எனக்குத்தானே தெரியும்" என்றார்.

மறுநாள் காலை முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் இடமில்லாமல் ஒரு தட்டு பன்னை மடியில் வைத்துக்கொண்டார். மரக்கடைச் சந்து வாயில் தண்ணீர் முழங்காலளவு நின்றது. குழாய் பதிக்கத் தோண்டியிருந்த பள்ளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. தடுப்புக் கட்டையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அவள் வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எதுக்கு வந்த? பாலத்து வழியா போ" என்றார் அவர்.

போனாள். வேறு வழி இல்லை. இன்றைக்கு ஒரு நாள் அவர்கள் நிற்காமல் இருக்கட்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனாள். பாலத்தின் மேட்டில் ஏறியதுமே முன்னால் வரிசை நின்றது. லாரி, காய்கறி வேன், கார்கள். இறக்கத்தில் பளபளக்கிற மேல்சட்டைகள். திரும்ப இடமில்லை, பின்னாலும் ஒரு தண்ணீர் லாரி வந்து ஒட்டிக்கொண்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வைப்பர் ஒரு பக்கமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அவர் மேல்சட்டைகளைப் பார்த்துவிட்டார். பார்வையை மடியிலிருந்த பன்கள்மேல் இறக்கிக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குத்தான் நடுங்கும். உனக்கு என்ன, ஸ்டியரிங்கே ஆடுது?"

அவள் சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வண்டிக்கு வரி கட்டலங்க. முன்னாடியே ஒரு தடவ நிறுத்திட்டாங்க. மறுபடி பாத்தா புடிச்சிடுவோம்னாங்க."

"எப்ப?"

"மழை ஆரம்பிச்சப்ப."

"கடிகாரக்காரர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

முன்னால் லாரி ஒரு வண்டி தூரம் நகர்ந்தது. அவளும் நகர்த்தினாள். இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று தோன்றியது. சொன்னாள். "வித்ததுக்கு எழுத்து இருக்கான்னு கேட்டாரு. வண்டி உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு கேட்டா அவர் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமாம். உங்க பழைய விஷயத்தையும் எடுத்தாரு."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, மாடி ஏறி வந்தவர் மாதிரி. நெற்றியில் வியர்வை. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தூறல் உள்ளே வந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"என்னப் பாத்தா?"

"உங்களுக்கு என்ன ஆயிடுமோன்னு."

வரிசை மறுபடி நகர்ந்தது. அந்தச் சின்ன ஆபீசரின் முகம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் அவசரமாகச் சொன்னாள்: "நீங்க இறங்கிடுங்க. பின்பக்கமா நடந்து வீட்டுக்குப் போயிடுங்க. நான்தானே ஓட்டுறேன், நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வந்தது யாருக்குத் தெரியும்?"

அவர் கதவைத் திறந்து இறங்கினார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகச் சொன்னது அவள்தான். ஆனாலும் அவர் போகிறாரே என்றிருந்தது. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். அங்கே அவர் இல்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்தார். நின்ற வண்டிகளின் ஓரமாக, பன் தட்டைக் கீழே வைக்க மறந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மழையில் நடந்து போனார். ஒரு இடத்தில் நின்றார். லாரியின் பக்கவாட்டில் தோளைச் சாய்த்துக்கொண்டார். அவ்வளவுதான், திரும்பிவிடுவார் என்று நினைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி நடந்தார்.

என்ன பேசினார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. நரைத்த ஆபீசர் முதலில் தட்டைப் பார்த்தார், ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்துக் கையை ஆட்டினார். பிறகு குனிந்து கேட்டார். அடுப்புக்காரர் தலையால் வண்டியைக் காட்டினார்.

இரண்டு பேரும் வந்தார்கள். ஆபீசர் ஜன்னலில் குனிந்து, "உங்க வீட்டுக்காரராம்மா? அவரே வந்து சொல்றாரு, வரி கட்டாத வண்டி வரிசைல நிக்குதுன்னு. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல" என்றார்.

"வாங்கின வண்டி சார்" என்றார் அடுப்புக்காரர். பல் கிட்டித்தது, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "திருடல. வித்தவர் பேரு, கடை, எல்லாம் சொல்றேன். வண்டிய எடுத்துக்குங்க. ரொட்டிய மட்டும் இறக்கிக்கறோம். ஆஸ்பத்திரியில காத்திருப்பாங்க."

ரொட்டியை இறக்க விட்டார்கள். முன்னால் நின்ற காய்கறி வேன்காரர் தட்டுகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். முட்டைக்கோசுகளின்மேல் ரொட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. வண்டியை இழுவை லாரியில் மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசர் அன்றைக்குக் கத்த வேண்டியதையெல்லாம் கத்திவிட்டு, நனைந்து நின்ற இருவரையும் பார்த்து, ஆர்டர் பற்றி அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டான்.

வரி ஆபீஸில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்த நாள்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அடுப்புக்காரர் வேலையை வழக்கம்போலச் செய்தார். ஆனால் ஒரு முழு அடுப்பு ரொட்டியைத் தீயவிட்டார். அப்படி அவர் விட்டதே இல்லை. கருகிய ரொட்டிகளை நாத்தனார் சத்தமில்லாமல் அள்ளிக் கூடையில் கொட்டினாள்.

ஆபீஸில் ஒரு நீளமான அறை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சளி பிடித்திருந்தது, கைக்குட்டையைக் கீழே வைக்காமலே பேசினார். கடிகாரக்காரர் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார், அதே கசங்காத சட்டை. மெக்கானிக் தம்பியும் சாட்சி சொல்ல வந்திருந்தான். வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்புக்காரர் அவரைத் தாண்டி உள்ளே வந்தபோது அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையில் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"வண்டிய இவங்களுக்கு வித்தீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார். "விக்கலைங்கம்மா. ஓட்டிப் பாக்கக் குடுத்தேன். திருப்பித் தரல. தெரிஞ்சவங்களாச்சே, கேஸ் எதுக்குன்னு சும்மா இருந்தேன்."

அடுப்புக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தம்பி ஏதோ சொல்லத் துள்ளினான்; அந்த அம்மா கையைக் காட்டி அடக்கினார். நிதானமாக ஒரு தும்மல் போட்டார்.

"சரி. அப்ப வண்டி உங்களுது."

"ஆமாங்க."

"அப்ப இத்தன வருஷ வரியும் உங்களுது. அபராதம் உங்களுது. வரி கட்டாம ரோட்டுக்கு விட்டதுக்குத் தனிக் கேஸ், அதுவும் உங்க மேல. திருட்டுப் போச்சுன்னா அன்னிக்கே புகார் குடுத்திருக்கணும், ஏன் குடுக்கலன்னு அவங்க கேப்பாங்க." கைக்குட்டையால் வாசலைக் காட்டினார். "விக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அந்த அம்மா நீட்டிய பேனாவைக் கடிகாரக்காரர் வாங்கிக்கொண்டார். எழுதவில்லை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது மடல் மட்டும் சிவந்துகொண்டே போனது.

"வித்துட்டேன்னு வெச்சுக்கிட்டா?"

"வித்த நாள் வரைக்கும் உள்ளது உங்க தலையில. அதுக்கப்புறம் உள்ளது அவங்க தலையில. ரெண்டும் கட்டினாத்தான் வண்டி யார்டை விட்டு வரும், பேர் மாறும். எதுன்னு சொல்லுங்க, எனக்கு வேற வேலை இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு இரும்பு கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடிகாரக்காரர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"வித்துட்டேன்" என்றார்.

கடிகாரக்காரர் தன் பங்கைக் கட்டி முடிக்க மழைக்காலம் முழுக்க இழுத்தடித்ததும், அதுவரை இவர்கள் தட்டுகளைத் தலையிலும் ட்ரை சைக்கிளிலுமாகச் சுமந்ததும், ஆஸ்பத்திரி ஆர்டர் பாதியாகக் குறைந்ததும், வண்டி வெளியே வந்தபோது அதன் பேட்டரி செத்துப்போயிருந்ததும் பின்னால் நடந்தவை. பேர் என்னவோ மாறிவிட்டது.

அன்று ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் மெக்கானிக் தம்பி வேலைக்கு ஓடிவிட்டான். அவர்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பழையபடி பேசாமல் உட்கார்ந்துவிடுவாரோ என்று நினைத்தாள்.

"பசிக்குது" என்றார்.

எதிரில் ஒரு டீக்கடை. டீயும் ஆளுக்கொரு பன்னும் வாங்கினார்கள். அவர் டம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கி, டீ விளிம்பில் வழிந்து விரலில் சொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பன்னைப் பிட்டார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"வேகல. அடுப்பு சூடேறறதுக்கு முன்னாடியே போட்டிருக்கான்" என்றார் அவளிடம்.

அப்போது அந்த போலீஸ்காரர், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவர், ரோட்டைத் தாண்டி வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். டீ சொல்லிவிட்டு, பன் இருந்த ஜாடிக்குள் கையை விட்டார். அடுப்புக்காரரின் உடம்பு விறைத்ததை அவள் பார்த்தாள். போகலாம் என்று எழுந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை. டீ இன்னும் வேகமாகச் சொட்டியது.

"சார்" என்றார். குரல் பிசிறியது. மறுபடி சொன்னார். "சார், அத எடுக்காதீங்க. உள்ள மாவா இருக்கு. வயித்த வலிக்கும்."

டீக்கடைக்காரன் முறைத்தான். போலீஸ்காரர் கையிலிருந்த பன்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிஸ்கட் எடுத்துக்குங்க" என்றார் அடுப்புக்காரர்.